எண்பது சதவீத வேகம்

அண்ணன் கண் டாக்டர். கை நடுங்க ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வேறு டாக்டரிடம் காட்டச் சொன்னால் பிடிகொடுக்காமல் நழுவினார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனிதர்! லீவு போட்டுவிட்டு சோபாவே கதி என்று கிடந்தார்.

பார்க்கச் சகிக்காமல்தான் தங்கை அந்த வேலையைச் செய்தாள். சின்ன வயதில் இருவரும் அடித்துக்கொண்டு ஆடிய வீடியோ கேம் பெட்டி எப்போதோ பழைய சாமானோடு போய்விட்டது. இப்போது அந்தப் பெட்டியைப்போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினால் போதும். அன்று அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த கேசட்டுகள் அத்தனையும் நகத்தளவு கார்டில் அடங்கிவிடுகின்றன.

"மூணாவது பாலம் ஞாபகம் இருக்கா? கண்ணை மூடிட்டே தாண்டுவியே!" என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் திணித்தாள்.

பதினோரு தடவை விழுந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க அவர் எழுந்துபோன நேரத்தில், எமுலேட்டரின் வேகத்தை எண்பது சதவீதமாகக் குறைத்துவைத்தாள். திரும்பி வந்தவர் ஒரே தாவலில் தாண்டினார். அடுத்த நான்கு நாளும் தாண்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

இன்று காலை அவர் போனில் பேசியது சமையலறை வரை வந்தது.

"திங்கக்கிழமை ஆபரேஷன் நானே பண்றேன். கை நல்லாத்தான் இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

எந்த டெஸ்ட் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் கையை நம்பிப் படுக்கப் போகிறார். அடுப்பை அணைத்துவிட்டு நேராக லேப்டாப்புக்கு வந்து வேகத்தை நூறாக்கினாள்.

"அண்ணா, இப்ப ஒரு தடவை ஆடு."

விழுந்தார். மறுபடியும் விழுந்தார்.

"நான்தான் வேகத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன். உன் மூஞ்சியைப் பாக்க முடியலண்ணா." நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கோபப்படவே இல்லை. "கேம்ல பாட்டு இழுவையா வருதேன்னு முதல் நாளே தோணுச்சு. கேக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைத் தேடினார். விரல் இரண்டு தடவை வேறு பெயரில் பட்டது. மூன்றாவது தடவை முயலாமல் போனை அவளிடம் நீட்டினார்.

"நீயே போட்டுக் குடும்மா."