ஒன்பது சிட்டிகை உப்பு

மனைவி செல்லாயி செத்து ஐந்து மாதமாகியும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பது பழனியப்பனுக்குத் தெரியும். அதை அவர் வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? தங்கை புனிதாவிடம் ஒருநாள் போனில், வேடிக்கை பண்ணுவதாக நினைத்துக்கொண்டு ஊர் வழக்கப்படி 'லா' போட்டு உளறிவிட்டார்.

"சமையக்கட்டு வாசல்ல செருப்ப இப்படி ஒண்ணு அப்படி ஒண்ணு ஒதறிட்டுப் படுத்தா, காலையில ஜோடியா, மூக்கு வாசலப் பாத்து நிக்குது லா. சம்பளம் இல்லாத வேலக்காரி. உங்கண்ணி உசுரோட இருந்தப்பகூட இவ்வளவு ஒழுங்கா செஞ்சதில்ல."

புனிதா சிரிக்கவில்லை.

"நீ ரெண்டு கோப்பையில தேத்தண்ணி ஊத்துறியாமே அண்ணே? பக்கத்து வீட்டு அக்கா சொல்லுது. பத்து கிலோ எளச்சிட்ட. அண்ணி உன்னையும் கூட்டிக்கிட்டுப் போவத்தான் நிக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கே அவள் சன்னாசியை ஏற்பாடு செய்துவிட்டாள். சன்னாசி வாரம் முழுக்க லாரி ஓட்டுபவர். ஞாயிறு மட்டும் பூசாரி. இவர்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தில் வீடு கட்டுகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் ரப்பர் மரங்களைத் தள்ளியபோது, முனியாண்டி சாமியைத் தூக்கிக்கொண்டு லகாட் சாலையோரத்துக்கு வந்தவர். மரம் போயிற்று, தொழிலாளர் குடியிருந்த லயம் போயிற்று; உப்புப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவர்கள் இப்போது இருக்கும் சிலிபின்வரை வந்து சேர்ந்தது.

வழக்கம் இதுதான். வீட்டுத் தலைவன் தன் கையாலேயே ஒரு செம்பில் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும். பூசாரி ஒன்பது சிட்டிகை தூள் உப்புப் போடுவார், நிதானமாக, ஒன்று கரைந்தபின் அடுத்தது. தண்ணீர் வழிந்தால் செத்தவர் போய்விட்டார். வழியாவிட்டால் இங்கேயே நின்று அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் செத்தவர் உடுத்திய சேலையிலோ வேட்டியிலோ எலுமிச்சம்பழத்தை முடிந்து, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆற்றைத் தாண்டினால் திரும்பி வர முடியாது.

பழனியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக அவர் ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய் கழுவியதுதான் தான் செய்த ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வார். ஆனாலும் கழுவுகிறவன் காதிலும் பாடம் விழும். கரைகிற உப்பு தன் பருமனை முழுதாகத் தண்ணீரில் சேர்ப்பதில்லை. நீரின் இண்டு இடுக்குகளில் போய் ஒண்டிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு இடம் காணாமலே போய்விடும். மிச்சத்தை, விளிம்புக்கு மேல் புடைத்து நிற்கும் நீர் தாங்கிக்கொள்ளும். ஆக, எந்த வீட்டில் பார்த்தாலும் செம்பு வழியாது. அப்படியென்றால் தோட்டத்தில் இத்தனை வருடமாக ஆற்றுக்கு அப்பால் விடப்பட்டவர்கள் எல்லாம்... அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை.

எடுத்துச் சொல்லலாம்தான். 'அண்ணன் வாயில அண்ணிதான் பேசுது' என்பாள் புனிதா.

வெள்ளிக்கிழமை மதியம் அறிவியல் கூடத்தில் யாருமில்லாதபோது செம்பை எடுத்து வைத்துப் பார்த்தார். வெறுந்தண்ணீரில் ஒன்பது சிட்டிகையும் போயின; நீர் புடைத்தது, வழியவில்லை. அடுத்து, இனிமேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் செம்பில் ஊற்றினார். இதில் விழும் உப்புக்கு ஒண்ட இடமில்லை. எட்டாவது சிட்டிகையில் வழிந்தது.

ஞாயிறு காலை அந்தத் தெளிந்த உப்புநீரைத்தான் குழாய்த் தண்ணீர்போல ஏந்திவந்து வைத்தார். சாம்பிராணிப் புகையில் செம்பின் அடி யாருக்கும் தெரியவில்லை. ஆறு, ஏழு. எட்டாவதில் நீர் விளிம்பைத் தாண்டித் தாம்பாளத்தில் இறங்கியது.

"போயிட்டா!" என்று கத்தினார் சன்னாசி. வழிந்த நீரை எல்லார் தலையிலும் தெளித்தார்.

புனிதா உதட்டை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இப்படிக் கரிக்குது?"

"பொம்பள கண்ணீரும்மா. கரிக்காம இனிக்குமா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பழனியப்பன் நடிப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டார். "போனா போறா லா! இனிமேதான் நிம்மதியாத் தூங்குவேன். முப்பது வருசத் தொல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

உலகப் பரிசு வாங்கிய விஞ்ஞானிபோல அவர் நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீடு உறைத்தது. ஐந்து மாதமாக அங்கே இருந்தது, அடுத்த அறையில் யாரோ இருமலை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற அமைதி. இப்போது அடக்க ஆளில்லை. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்கூடத் தனியாகக் கேட்டது.

பூசாரியை ஏமாற்றியாயிற்று, தங்கையை ஏமாற்றியாயிற்று. செல்லாயியும்தானே அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்? ஐந்தாம் வகுப்போடு பால்மரம் சீவப் போனவள். உப்புக் கரைசலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவள் பார்த்தது செம்பு வழிந்ததை. கேட்டது, தொல்லை என்று புருஷன் சொன்னதை.

பழனியப்பன் சமையல்கட்டுக்கு ஓடித் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தா, கேளு. அது சும்மா லா. உப்பு கரையுறப்போ தண்ணிக்குள்ள சந்து சந்தாப் போயி ஒக்காந்துக்கும். நான் மொதல்லயே சந்தெல்லாம் அடச்சிட்டேன். அதான் வழிஞ்சிச்சு. நீ போனதால இல்ல, புரியுதா? தொல்லன்னு சொன்னது அவங்களுக்காக. உன்னத் தொரத்துவேனா நான்?"

அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். மூன்றாவது தடவை சந்து அடைத்த கதைக்கு வந்தபோது முன்கதவு திறந்தது. கைப்பேசியை விட்டுவிட்டுப் போன புனிதா வாசலில் நின்றாள்.

"யாருகிட்டண்ணே பேசுற?"

யாருமில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதையும் செல்லாயி கேட்பாள். அவளிடம்தான் என்றால், ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோகச் சேலை அலமாரியில்தான் இருக்கிறது, சன்னாசியின் வண்டி முச்சந்தியைக்கூடத் தாண்டியிருக்காது, கூப்பிட்டால் திரும்பிவிடும்.

"உங்கண்ணிகிட்ட," என்றார். "செம்புல வச்சது கள்ளத் தண்ணி. நான்தான் பண்ணேன். அவ போவல. போவ வேணாம்."

புனிதா உள்ளே வந்தாள். மேசைமேல் இருந்த கைப்பேசியை எடுத்து, பார்த்து, பைக்குள் போட்டாள். மெல்ல வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி," என்றாள் அடுப்பைப் பார்த்து. "நீங்க இருங்க லா. ஆனா இவர ஒழுங்கா சோறு திங்கச் சொல்லுங்க."

செல்லாயி இருக்கிற சத்தம் ஏதாவது வருகிறதா என்று இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.