தூலாவைத் தேடி வந்தவர்

போன வாரம் வானொலியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள். சில்லறை வைக்கும் பர்ஸை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்? அதற்கே ரெய்க்யவிக்கின் அகராதி அலுவலகத்துக்கு இரண்டு மூட்டைக் கடிதங்கள் வந்துவிட்டன.

அங்கே வேலை பார்க்கும் ஸ்டெயின்வோர் ஒவ்வொன்றாகப் பிரித்து, சொல், ஊர், சொன்னவர் பெயர் என்று அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் 'புட்டா'தான். கடைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அது புட்டாதான். பைபிள் படிக்கிற முதியவர்கள் 'பிங்க்யா' என்று எழுதியிருந்தார்கள். 'ஸ்யோதுர்' ஒரு காலத்தில் பணப்பை. இப்போது அந்தப் பெயரைச் சங்கங்களின் நிதி எடுத்துக்கொண்டுவிட்டது. வடக்கிலிருந்து ஒரு கிழவர் 'புங்குர்' என்று எழுதி, தன்னுடையது கடாவின் விதைப்பையில் தைத்தது, பெண்கள் முன்னால் அதற்குமேல் விளக்க முடியாது என்று முடித்திருந்தார். அலுவலகத் தலைவர் கிஸ்ஸுர் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்துச் சிரித்தார்.

அடுத்த உறை கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்திருந்தது. எழுதியவள் பெயர் டீர்லெய்வ்.

"எங்க வீட்ல புட்டான்னுதான் சொல்வோம். ஆனா நான் எழுதுறது அதுக்கில்ல. எனக்கு இப்ப ஏழு மாசம். கோடை முடிஞ்சதுலேர்ந்து ஒரு ஆள் கனவுல வர்றார். உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. அடுப்பங்கரையில நின்னு 'தூலா எங்க'ன்னு கேக்கறார். புரியலன்னா, ரெண்டு விரலைச் சேத்து பர்ஸை மூடற மாதிரி காட்டறார். பேரு மட்டும் சொல்ல மாட்டேங்கறார். இது யார் வீட்டுச் சொல்லுன்னு தெரிஞ்சா எழுதுங்க. பிள்ளைக்கு என்ன பேரு வைக்கறதுன்னே தெரியல."

ஸ்டெயின்வோரின் கையிலிருந்த பேனா அட்டையில் மைத்துளியை விட்டது.

அது அவள் வீட்டுச் சொல். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், அவளுடைய பர்ஸின் உலோக வாய் கணவன் டோர்வியின் விரலைக் கடித்துவிட்டது. அவன் விரலை வாயில் வைத்தபடி அதற்கு இட்ட பெயர்தான் தூலா. அந்தச் சமையலறையைத் தாண்டி அது வெளியே போனதில்லை. ஆயிரக்கணக்கான அட்டைகள் எழுதியவள், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அட்டை எழுதவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில், டோர்வியின் படகு திரும்பவில்லை. நான்கு பேரின் உடல்கள் கரை ஒதுங்கின. அவனுடையது மட்டும் கிடைக்கவில்லை. தேவாலயத்துக் கல்லில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவதைச் செதுக்க அவள் சம்மதிக்கவில்லை. மாமியாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

பிள்ளை சுமக்கிறவளின் கனவில் இறந்தவர் வந்து நின்றால், தன் பெயரைப் பிள்ளைக்குக் கேட்கிறார் என்று அர்த்தம். கொடுக்காமல் விட்டால் பிள்ளைக்கு ஆகாது. கொடுத்துவிட்டால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். இதெல்லாம் ஸ்டெயின்வோருக்கும் தெரியும்.

கடிதத்தைக் கிஸ்ஸுரிடம் நீட்டினாள். அவர் படித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

"தூலா டோர்வி வச்ச பேரு. என்கிட்ட ஒரு தடவைகூட வரல. யாரோ ஒருத்தி வீட்ல போய் நிக்கறார்" என்றாள்.

கிஸ்ஸுர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்கிட்ட எப்படி வருவான்? நீதான் அவன் செத்ததையே ஒத்துக்கலியே. அவன் எந்தக் கதவைத் தட்டுவான், சொல்லு."

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தொலைபேசியில் கிழக்குக்கு இணைப்புக் கேட்டாள்.

அந்தப் பக்கமெல்லாம் எட்டுப் பண்ணைகளுக்கு ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எட்டு வீட்டிலும் கருவியை எடுத்துக் கேட்பார்கள்; யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. டீர்லெய்வ் பேசத் தொடங்கும்போதே பின்னால் டக் டக்கென்று ஒவ்வொன்றாக எடுக்கப்படுவது கேட்டது.

ஸ்டெயின்வோர் தான் யாரென்றும், தூலா தன் வீட்டுச் சொல் என்றும் மட்டும் சொன்னாள். பிறகு, "அவர் முகம் எப்படி இருந்துச்சு, கண்ணு?" என்று கேட்டாள்.

"தாடி இல்ல. இடது புருவம் பாதியில நின்னுடும். கோவமெல்லாம் இல்லீங்க. குளிர்ல நடுங்கறார். வழி தெரியாம வந்துட்டவர் மாதிரி."

அந்தப் புருவத்தைத் தூண்டில் முள் கிழித்தபோது டோர்விக்குப் பதினாறு வயது. ஸ்டெயின்வோர் கம்பிச் சுருளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெயரைச் சொல்லாவிட்டால் அவன் இன்று இரவும் வருவான். நாளைக்கும் வருவான். எங்கோ ஒரு சமையலறையில், நனைந்தபடியாவது, இருப்பான்.

பெயருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு டீர்லெய்வ் மெல்லச் சொன்னாள்: "கஷ்டமா இருந்தா சொல்ல வேணாங்க. இன்னும் ரெண்டு மாசம்தானே, நான் தாங்கிக்கறேன்."

"நீ தாங்கக் கூடாது" என்றாள் ஸ்டெயின்வோர். "டோர்வி. அவர் பேரு டோர்வி. என் வீட்டுக்காரர். செத்துப்போயிட்டார்."

பதினோரு வருடத்தில் அந்தக் கடைசி வார்த்தையை அவள் வாய் சொன்னது அன்றுதான்.

"பொண்ணா பொறந்தா டோர்வில்துர்னு வைக்கலாம்" என்று கம்பியில் வேறெங்கிருந்தோ ஒரு கிழவியின் குரல் சொன்னது. "நல்ல பேருதான்."

டீர்லெய்வ் அழுகையும் சிரிப்புமாக நன்றி சொல்லிவிட்டுக் கருவியை வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். ஒவ்வொன்றாக டக் டக்கென்று கேட்டது. பிறகு எட்டு வீடும் அடங்கியது.

ஆனால் கம்பியில் இன்னும் யாரோ இருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது, அருகில், குளிர் நடுக்கம் இல்லாமல், நிதானமாக. யாரென்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வைக்கட்டும் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை.

கிஸ்ஸுர் வந்து விளக்கைப் போட்டார். அவளைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். இன்னும் கொஞ்ச நேரம் அவள் அந்த மூச்சைக் கேட்டாள். பிறகு, அந்தப் பக்கம் வைப்பதற்குள், அவளே கருவியை வைத்தாள்.