நல்ல சுகம்

வேலை முடிந்து வந்த பாஸ்கர் காரை விட்டு இறங்கவில்லை. குசினி ஜன்னலால் பார்த்தேன். எஞ்சினும் ஓடவில்லை, பாட்டும் இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் மனுசன் இருந்தார். ஊரில் அவருடைய தம்பி இறந்ததிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் இதே கதைதான். முன்பொருநாள் கூப்பிடப் போனபோது, "லக்சி, காலமை எழும்பாமலே விட்டா நல்லம் போல கிடக்கு" என்றார். அடுத்த நாளே வென்ட்வேர்த்வில்லில் எங்கள் குடும்ப டொக்டர் நாகராஜனிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

மனநலம் பார்க்கிற சைக்கொலஜிஸ்டிடம் போக அவர் சிகிச்சைப் பிளான் எழுதித் தந்தார். முதலில் ஆறு தடவை. பிறகு டொக்டர் பார்த்துச் சரியென்றால் இன்னும் நாலு. அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிகெயர், காசில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். அந்தப் பங்கு இல்லாவிட்டால் எங்களுக்குக் கட்டாது.

ஆங்கிலத்தில் இவருக்கு மனம் திறக்க வராது என்று தமிழ் பேசுகிறவரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். கேத்ரின், மலேசியத் தமிழ்ப் பிள்ளை. கெட்டிக்காரியென்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இவர் அங்கே நோயாளியாகப் போகவில்லை, விருந்தாளியாகப் போனார். ஒவ்வொரு முறையும் கையில் வடைப் பெட்டி. வெறுங்கையோடு போகக்கூடாதாம். வந்ததும், அந்தப் பிள்ளையின் தாய் பினாங்கில் தனியாக இருக்கிறாவாம் என்று கவலைப்படுவார்.

"உங்களைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"இப்ப நல்ல சுகமெண்டு சொன்னனான். அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபடுது. ஒண்டும் சரிவரேல்லையெண்டு முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுறது?"

வடைப் பெட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது எனக்கு.

இன்று காலை, மிச்ச நாலு தடவைக்காக டொக்டரிடம் போனோம். கேத்ரினின் அறிக்கை வந்திருந்தது.

"நல்ல முன்னேற்றம் பாஸ்கர். இனித் தேவைப்படாது போல."

"இல்லை டொக்டர், இவர் இன்னும் காருக்குள்ளதான் இருக்கிறார்" என்றேன். எழும்பாமல் விடுகிற அந்தக் கதையையும் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு இவரையே கேட்டார்.

"அது அப்ப டொக்டர். இவ சும்மா பயப்பிடுறா. என்ரை இடத்தை வேற கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கலியாண வீட்டு வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிற சிரிப்பு. டொக்டர் நம்பிவிட்டார். என் கண்ணீரைக் கண்டு, எனக்கு ஒரு பிளான் எழுதட்டோ என்று கேட்டார்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு வெளியே காரடிக்குப் போனேன். இத்தனை நாளும் எனக்கு மட்டுந்தான் இவர் தன் உண்மையான முகத்தைக் காட்டியிருந்தார். கார்க் கண்ணாடியில் தட்டினேன்.

"இஞ்சருங்கோ, உள்ள வாங்கோவன்."

திரும்பி என்னைப் பார்த்தார். காலையில் டொக்டருக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"நான் நல்ல சுகம், லக்சி. நீர் போம்."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.