முதலாவதாக எழுதிய ஊர்

அன்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதுகிற மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற சர்வேயர் கலியமூர்த்தி. அவருடைய தம்பி, பீங்கான் பட்டறை ராஜமாணிக்கம். தம்பி மனைவி கண்ணம்மாள். கண்ணம்மாளின் தம்பி தேவநாதன். ராஜமாணிக்கத்தின் ஒரே மகள் இளமதி. பிராது எழுதிக் கொடுக்கும் குருமூர்த்தி. ஏழாவதாக யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றிருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அன்று அங்கே இருக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கோயிலில் முருகனிடம் வழக்குப் போடலாம். குறையைத் தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து எடுத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டால் வழக்குப் பதிவானதாக அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பயப்படாதவர்கள் குறைவு. கலியமூர்த்தி அறுபத்தெட்டு வயது வரை யார் மேலும் பிராது கட்டியதில்லை.

"யார் மேலங்க பிராது?" என்றார் குருமூர்த்தி.

"விமானக் கம்பெனி மேல."

பேனா நின்றது. "கம்பெனி என்னங்க பண்ணிச்சு?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. பண்ணிடக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம்."

"எந்த ஊர்ல இருக்குது? தூரம் எழுதணும். தூரத்துக்குத் தகுந்த மாதிரிதான் கட்டணம்."

"டெல்லிக்குப் பக்கம். ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் போடுங்க." தூரத்தை உத்தேசமாகச் சொல்லும் பழக்கம் கலியமூர்த்திக்குக் கிடையாது. வரும்போதே பார்த்து வைத்திருந்தார்.

"முருகருக்குத்தான் மயிலு இருக்குதே மாமா, எதுக்கு பஸ்ஸு சார்ஜு?" என்றான் தேவநாதன். கண்ணம்மாள் தம்பியின் முழங்கையில் இடித்தாள்.

விஷயம் இதுதான். இளமதி விமானம் ஓட்டப் படித்து, அறுபது எழுபது பேர் போகிற விசிறி வைத்த விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்திருந்தாள். சென்னையிலிருந்து பயிற்சிக் கேப்டனோடு பறந்துகொண்டிருந்தாள். பயிற்சி முடிகிறது. இனி அவளுக்கென்று ஓர் ஊர் வேண்டும். வேலை அந்த ஊரில் தொடங்கி அந்த ஊரில் முடியும். 'பேஸ்' என்கிறார்கள். விருப்பமான மூன்று ஊர்களை வரிசையாக எழுதித் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அவள் பயிற்சிக்குப் போன நாளில் தெரு முழுக்க ஒரே கேள்வி. பொட்டைப் புள்ளைய ஆகாசத்துக்கு அனுப்புறீங்களே, எங்க தங்கும், யாரோட தங்கும்? கலியமூர்த்தி ஒரு கல்யாணப் பந்தியில், இருநூறு பேர் கேட்க, எழுந்து நின்று சொன்னார். "எங்க பொண்ணு எந்தத் தேசத்துக்குப் பறந்தாலும் எங்க வூட்டுக் கூரைக்குக் கீழ வந்துதான் படுக்கும்." கல் நட்டது போன்ற வார்த்தை. சர்வேயர் நட்ட கல்லைப் பிடுங்குவது குற்றம்; அவரே பிடுங்கினாலும் குற்றம்தான். அதனால் சென்னை வேண்டும். சென்னை என்றால் ரயிலில் நாலு மணி நேரம், வீட்டுக்கு வந்துவிடலாம்.

இளமதி இப்போது மேசைப் பக்கம் வந்தாள்.

"பெரியப்பா, கம்பெனி மேல எழுதாதீங்க. அவங்க பாவம். ஊர எழுதப் போறது நான்தான். மொதல்ல கௌஹாத்தின்னு எழுதலாம்னு இருக்கேன்."

ராஜமாணிக்கம் கையில் காய்ந்திருந்த களிமண்ணைச் சுரண்டத் தொடங்கினார். குருமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "அப்ப எதிரி பேரு இளமதிங்களா?"

தம் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சாமி முன்னால் எதிரி என்று எழுதுவதா? கலியமூர்த்தி தாளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். அங்கேதான் அவள் காரணம் சொன்னாள்.

"அங்க மலை, மழை, சின்னச் சின்ன ஓடுபாதை. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ எறங்கி ஏறணும். ரெண்டு வருஷத்துல கை நல்லாப் பழகிடும் பெரியப்பா. கஷ்டமான எடத்துல கத்துக்கணும்னு ஆச."

"வூடு?"

"சென்னைன்னு எழுதினாலும் வூட்ல இருக்க முடியாது. ஸ்டாண்ட்பைன்னு ஒரு டூட்டி இருக்குது. போன் வந்தா ஒன்றரை மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். நம்ம ஊர்ல இருந்துகிட்டு எப்படி நிக்கறது? டூட்டி இல்லாத நாள்ல வந்துட்டு, நாலு மணி நேரம் ரயில்ல நின்னுகிட்டே போய் ஓட்டினா, பின்னாடி ஒக்காந்திருக்கறவங்க கதி?"

"விழுப்புரத்துல வூடு எடுத்தா?" என்றாள் கண்ணம்மாள்.

"விழுப்புரத்துல ஏர்போர்ட்டு வந்தா எடுக்கலாம்மா."

பிறகு பெரியப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள். "வெள்ளிக்கிழம சென்னையிலேருந்து திருச்சிக்கு நான் போறேன். நீங்களும் வாங்க. பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா சென்னைன்னே எழுதிடறேன். மறுபேச்சு இல்ல."

அப்படி அவள் கேட்ட இரண்டு வருடமும், அவருடைய இருநூறு பேர் கேட்ட வார்த்தையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து நின்றன.

துணைக்குத் தேவநாதன் வந்தான். துணைக்கு என்று பெயர். சும்மா கிடைத்த டிக்கெட்டை அவன் எதற்கு விடுவான்? விமான நிலைய வாசலில் இளமதி வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக வந்தாள். "உள்ள போயி மொதல்ல ஊதிட்டு வரணும்" என்றாள்.

"என்னது?"

"குடிச்சிருக்கோமான்னு மிஷின்ல ஊதணும் பெரியப்பா. டூட்டிக்கு முன்னாடி."

கலியமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று தலைமுறையாகக் கள்ளைத் தொடாத குடும்பம். "நம்ம வூட்டுப் பொண்ணு ஊதணுமா? யாரு சொன்னது? நான் வந்து பேசறேன்."

"கேப்டனும் ஊதுவாரு. இருபது வருஷ சர்வீசு, அவருக்கு மேல இருக்கறவரும் ஊதுவாரு. யாரையும் விடமாட்டாங்க."

யாரையும் விடமாட்டார்கள் என்ற சொல் அவரை நிறுத்தியது. தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர் அவர். யாரையும் விடாத சட்டத்தை அவர் பார்த்ததேயில்லை.

விமானத்துக்குள் பணிப்பெண் பெயர்களைப் படித்தாள். கேப்டன் பெயருக்கு அடுத்ததாக, "ஃபர்ஸ்ட் ஆபீசர் இளமதி ராஜமாணிக்கம்." தம்பியின் பெயர், முன்பின் தெரியாத அறுபது பேரின் தலைக்கு மேல் ஒலித்தது. கலியமூர்த்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அதற்கு மேல் நிமிர முடியாது என்று தேவநாதன் பிற்பாடு சொன்னான்.

தரை விலகியது. இடது பக்க ஜன்னல் அவருக்கு. முதலில் ஏரிகள், பிறகு மேகம், அப்புறம் வெறும் ஒளி. அரைமணி ஆகியிருக்கும். மேகம் விலகியபோது உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை கீழே கோடாகக் கிடந்தது. அதை வைத்து அவர் கண் தானாக அளக்கத் தொடங்கிவிட்டது. நல்லூர். அங்கிருந்து கிழக்கே மணிமுத்தாற்று வளைவு. நாலு திசைக்கும் பிரிகிற தண்டவாளம். ஊர்ப் பெரிய கோயிலின் கோபுரங்கள் நான்கும் நான்கு நெல்மணி. தம்பியின் பட்டறை இருக்கிற தொழிற்பேட்டைக்கு மேலே மெல்லிய புகை. அதற்கும் அப்பால் கம்மாபுரத்துப் பச்சை, பச்சை முடிகிற இடத்தில் நெய்வேலிச் சுரங்கத்தின் பெரிய சாம்பல் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் போன வயல்களில் சிலவற்றை அளந்தவர் அவர்.

முப்பத்து நாலு வருடம் அந்த மண்ணில் அளவுச் சங்கிலி இழுத்தார். வெயிலில், சேற்றில், பங்காளிகளின் வசவுக்கு நடுவில். துண்டு துண்டாக அளந்து, தாளில் கோடு போட்டு, மடித்து அலமாரியில் வைத்தார். அந்தக் கோடுகள் ஒன்று சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. பார்க்க முடியும் என்று நினைத்ததும் இல்லை. இப்போது அது கீழே விரிந்து கிடந்தது. ஆற்றின் வளைவு அவர் வரைந்த இடத்தில் இருந்தது. வாய்க்கால் அவர் திருப்பிய கோணத்தில் திரும்பியது. அவர் படம் சரி. இத்தனை காலம் கழித்து அதைக் காட்ட அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவள் தம்பி மகள்.

"மாமா, ஏன் அழுவுறீங்க?"

"வெளிச்சம் கண்ண குத்துது. சும்மா இரு."

திருச்சி நெருங்கியது. பெல்ட்டைப் போடச் சொன்னார்கள், இறங்கப் போகிறோம் என்றார்கள். மலைக்கோட்டை தெரிந்தது. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டது. விமானம் இடமும் வலமும் தள்ளாடியது. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

திடீரென்று எஞ்சின் கத்தியது. மூக்கு நிமிர்ந்தது. ஓடுபாதை கீழே நழுவிப் போயிற்று. யாரோ முருகா என்றார்கள். தேவநாதன் கலியமூர்த்தியின் தொடையைப் பிடித்த இடம் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆண் குரல் வந்தது. கேப்டன். காற்று திசை மாறி வேகமாக வீசுகிறது, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி இறங்குவோம், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டது தெரியவில்லை.

படியிறங்கிய இடத்தில் இளமதி மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பயணத்துக்கு முன் சுற்றிப் பார்ப்பது அவள் வேலை. ஊழியர் பயணிகளை விரட்டிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி நகரவில்லை.

"யாரும்மா ஓட்டினது?"

"நான்தான் பெரியப்பா."

"மேல தூக்கினது?"

"அதுவும் நான்தான். ரெண்டாவது தடவ எறக்கினதும் நான்தான். நான் ஓட்டறப்ப கேப்டன் ரேடியோவும் மைக்கும் பாத்துக்குவாரு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எறங்கப் போறோம்னு அத்தினி பேருகிட்டயும் சொல்லியாச்சு. அப்பறம் எறங்காம போறது... கௌரவக் கொறச்சல் இல்லையாம்மா?"

அவளுக்குக் கேள்வி புரிய ஒரு நொடி ஆயிற்று. "காத்து சரியில்ல பெரியப்பா. சரியில்லன்னா எறங்கக் கூடாது. அதுக்காக எங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. பிடிவாதமா எறக்கினாத்தான் கேப்பாங்க."

சொல்லிவிட்டு அவள் அடுத்த சக்கரத்துக்குப் போனாள். இருபத்து நாலு வயது. சற்று முன் அறுபது பேரின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்ன சொல்லை அந்தக் கையாலேயே திருப்பி எடுத்திருக்கிறாள். முகத்தில் அதற்கான அடையாளமே இல்லை. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அவள் நிற்கவில்லை. ஆனாலும் கலியமூர்த்தி அப்படித்தான் பார்த்தார்.

திருச்சியிலிருந்து ரயிலில் திரும்பும்போது தேவநாதன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வூதியர் சங்கக் கூட்டம். அந்தக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் பாதிப்பேர் அங்கே உண்டு. கலியமூர்த்தி எழுந்து நின்றார்.

"எங்க பொண்ணு எங்க வூட்டுக் கூரைக்குக் கீழதான் படுக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கறேன். அது வேல பாக்கற ஊர்ல அது படுக்கும்."

"ஏன் சார், என்ன ஆச்சு?" என்றார் ஒருவர்.

"காத்து மாறிடிச்சு" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து போன் போட்டார். "கௌஹாத்தின்னே எழுதும்மா. மொதல்ல அத எழுது." "சரிங்க பெரியப்பா" என்றாள் இளமதி. திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு எழுதி அனுப்பினாள். பத்து நாளில் கௌஹாத்தி கிடைத்தது.

ஜங்ஷன் ரோட்டில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. தேவநாதன் டீக்கடையில் சுவை சேர்த்துச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. இளமதிக்கு விமானத்தை இறக்கத் தெரியவில்லை, கேப்டன்தான் பிடுங்கி இறக்கினார், அதனால்தான் கம்பெனி அவளைத் தூரத்துக்குத் தள்ளிவிட்டது என்று. தவறு. இரண்டு முறையும் ஓட்டியவள் இளமதி. கௌஹாத்தியை யாரும் கொடுக்கவில்லை. அவள் கேட்டு வாங்கினாள்.