ஜோடியா, ஒண்டியா?

துவைத்த துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. அந்த அலறலைச் செயற்கைக்கோளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். என்னை அடிக்கடி கூப்பிடும் ஆள் அதுதான் என்பது வேறு விஷயம்.

வானத்தில் எங்கோ காமாக் கதிர் வெடித்திருந்தது. எங்கள் விண்தொலைநோக்கி அதைப் பிடித்திருந்தது. இந்த வாரம் என் முறை. வெடிப்பு எந்த வகை என்று பார்த்து, தரையிலிருக்கும் தொலைநோக்கிகளுக்கெல்லாம் நான்தான் அறிவிக்க வேண்டும். இரண்டு நொடிக்குள் அடங்கினால், பெரும்பாலும் செத்துப்போன இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மோதியிருக்கும். அதற்கு மேல் இழுத்தால், பெரிய விண்மீன் ஒன்று தன்னந்தனியாக இடிந்து விழுந்திருக்கும். எங்கள் குழுவில் முதல் வகை ‘ஜோடி’, அடுத்தது ‘ஒண்டி’. இந்தப் பெயர்களைச் சூட்டிய மகானுபாவர் என் கணவராக இருந்தவர். இரவெல்லாம் தொலைநோக்கியடியில் கிடப்பதால் அவருக்கு நாங்கள் சூட்டிய பெயர் ஆந்தை.

பிரிந்து மூன்று வருடமாகிறது. சண்டை, வழக்கு என்று ஒரு சுவாரசியமும் கிடையாது. எனக்குப் பகலென்றால், பூமியின் மறுபக்கத்தில் அவருக்கு இரவு. பேச்சு குறைந்து குறைந்து நின்றேபோனது. இப்போது ஜோடி வந்தால் மட்டும் பேசுவோம். அதற்கு மட்டும்தான் அவருடைய தொலைநோக்கி மற்றவர்களின் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பும். வெடிப்பு விட்டுப்போன பின்னொளி மங்குவதற்குள் அவர் அதைத் தேடுவார், நான் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். போன தடவை அவருக்கு விடியும்வரை பேசினோம். அத்தனையும் எண்கள். அதற்கே ஒரு வாரம் குஷியாக இருந்தேன், வெட்கங்கெட்டவள்.

ஈரக் கையோடு கணினி முன் உட்கார்ந்தேன். திரையில், வரைபடக் கோட்டில் ஒல்லியாக ஒரு முள். ஒன்றரை நொடி. ஜோடி! எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் தெரியப்போகிற மாதிரி தலைமுடியை வேறு ஒதுக்கிக்கொண்டேன்.

பிறகு பாழாய்ப்போன புத்தி விழித்துக்கொண்டது. வெடிப்பு மங்கலானது. மங்கலான வெடிப்பில் உச்சி மட்டும் பின்னணி இரைச்சலுக்கு மேலே தலைகாட்டும், மிச்சம் அடியில் மூழ்கிக்கிடக்கும். பின்னணியைக் கழித்துவிட்டு, ஆற்றல் குறைந்த கதிர்களை மட்டும் தனியே வரைந்தேன். முள்ளுக்குப் பின்னால் தாழ்வாக, சாவகாசமாக, பத்து நொடிக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. ஆத்திரத்தோடு மறுபடி வரைந்தேன். அப்போதும் இழுத்தது.

அறிவிப்பை எழுதுவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

“ஆந்தை பேசறேன். முள்ளைப் பாத்தேன். ஜோடிதானே? சொல்லு, திருப்பிடறேன்.”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதும். விடியும்வரை அந்தக் குரல் எனக்குத்தான். நாளைக்குத் திருத்தம் போட்டால் யாரும் என் தலையை வாங்கப்போவதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து அந்தத் தொலைநோக்கியில் இந்த இரவை வாங்கிய யாரோ ஒருவரின் வேலை பாழாகும், அவ்வளவுதான். ஆந்தை வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்தது.

“ஒண்டி” என்றேன். “வால் இருக்கு. நல்ல நீளம்.”

“சரியாப் பாத்தியா?”

“ரெண்டு தரம் பாத்தாச்சு.”

“அடடா! ஜோடின்னு நெனச்சு விழுந்தடிச்சு ஓடி வந்தேன்.” சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

“சரி, அப்ப வெச்சிடறேன். வேற ஒண்ணும் இல்லையே?”

“வேற ஒண்ணும் இல்ல” என்று நாக்குக் கூசாமல் பொய் சொன்னேன்.