கலிங்கு பாய்ந்த வருஷம்

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதிவரை விடவில்லை. புதுக்கோட்டைக்கு வெளியே கவிநாட்டுக் கண்மாய் கரை தளும்ப நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலிங்கின் கல்வரிசை மேல் நுரைத்துக் கொட்டியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று சலித்துப்போயிருந்த ஊர் சனத்துக்கு, யுத்தத்தை மறக்க அது ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கச்சேரி குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு வண்டியிலும் நடையிலுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் கலிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்துக் குளிப்பார்கள். பெண்கள் தள்ளிப்போய், மரத்தடியில் விரிப்பு போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

உண்ணாமலையை அவள் அண்ணன் பழனிச்சாமிதான் வற்புறுத்தி அழைத்துப் போனான். எந்நேரமும் அடுப்படியிலேயே கிடந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவன், பெட்ரோல் கிடைக்காததால் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸுக்கு டிரைவர். வாரம் முழுக்கக் கரிப்புகையோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைத்த ஒரு நாளையும் தங்கைக்காகச் செலவழித்தான். அவள் எது கேட்டாலும் அவன் மறுப்பதில்லை. அவன் மனைவி சொர்ணவல்லியும் அப்படித்தான். பூ வாங்கினால் முதல் துண்டு உண்ணாமலைக்கு. ஆனால் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள்.

உண்ணாமலை பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவள் புருஷன் நாகராசு ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் முட்டிமோதி அவளைக் கப்பலேற்றிவிட்டு, அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று சொன்னான். அடுத்த கப்பல் அவனுக்குக் கிடைக்கவில்லை. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் அந்தக் கோடை முழுக்க ஊர் வந்து சேர்ந்தார்கள். யாரைப் பார்த்தாலும் அவள் கேட்பாள். யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவள் காத்திருந்தாள். காலையில் குங்குமம் வைத்துக்கொள்ளும்போது மட்டும், இன்றைக்கு ஆள் வந்து நின்றாலும் நிற்கும் என்று தோன்றும்.

கண்மாயில் அன்று ஒரு தோணி கிடந்தது. கட்டுமாவடிக்காரர் சவரியப்பன், மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல், தன் சின்னத் தோணியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆட்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பழனிச்சாமி குடும்பத்தோடு ஏறினான். நடுக்கண்மாய் போனதும் சவரியப்பன் துடுப்பை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து துடுப்பு வலித்துத் தோள்பட்டை விட்டுப்போகிறது என்றார்.

“நான் வலிக்கட்டுமா?” என்று உண்ணாமலை கேட்டாள்.

சொர்ணவல்லி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவள் எழுந்து தோணியின் பின்பக்கம் போய்விட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உட்காராமல் நின்றபடி, முகம் முன்னே பார்க்க இரண்டு துடுப்பையும் முன்னுக்குத் தள்ளினாள். தோணி ஒரு முறை தடுமாறி, பிறகு நேரே போனது. ரங்கூனில் பெரிய பகோடாவுக்குக் கிழக்கே ஓர் ஏரி உண்டு. ஞாயிறு சாயங்காலங்களில் நாகராசு தெரிந்த படகுக்காரனிடம் இரவல் வாங்கிக்கொண்டு அவளை அங்கே கூட்டிப்போவான். அவள் தள்ளுவாள், அவன் எதிரே கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, இங்கிட்டுத் திருப்பு, அங்கிட்டுத் திருப்பு என்று அதிகாரம் பண்ணுவான். கல்யாணமாகி அவள் கண்ட சுகங்களில் அதுதான் பெரிது. இப்போது எதிரே அண்ணனும் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருந்தும் தோணி காலியாகப் போவதுபோல அவளுக்கு இருந்தது. ஆனாலும் கையை நிறுத்த மனம் வரவில்லை.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொம்பளை தோணி ஓட்டுகிறாள் என்று பிள்ளைகள் கூடவே ஓடிவந்தன. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொர்ணவல்லி முணுமுணுத்தாள். பழனிச்சாமி மட்டும், ஓட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டான்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் அவள் தனியாகவே போனாள். பெண் ஓட்டினால் பெண்கள் கூச்சமில்லாமல் ஏறுகிறார்கள் என்று சவரியப்பனுக்கும் சந்தோஷம். கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் போதும், ஏறியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். இறங்கியதும் அவரவர் விரிப்புக்குப் போய்விடுவார்கள். அவளை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு, பெரியகருப்பன் என்பவர் தன் சின்ன மகளோடு தோணியில் ஏறினார். ஒடிசலான ஆள். பாதம் இரண்டிலும் ஆறிய புண்களின் தழும்பு. கொஞ்ச தூரம் போனதும் அவள் நிற்கும் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ரங்கூன்ல இருந்தீங்களா, ஆத்தா?”

“ஆமாண்ணே. எப்படித் தெரியும்?”

“அங்க ஆத்துல சம்பான் படகு ஓட்டுறவன்தான் இப்படி நின்னு தள்ளுவான். நானும் அங்க இருந்தவன்தான். நடந்து வந்தேன்.”

நடந்து வந்தேன் என்று யார் சொன்னாலும் அவளிடம் ஒரே கேள்விதான் உண்டு. புருஷன் பேரைச் சொல்லும் வழக்கமில்லாததால் அடையாளம் சொன்னாள். ஆற்றங்கரை அரிசி மில்லில் கணக்கு எழுதியவர், இடது புருவத்தில் தழும்பு இருக்கும், பேசும்போது கழுத்தைச் சாய்ப்பார். பெரியகருப்பன் அவள் நெற்றியையும் தலையிலிருந்த பூவையும் பார்த்தார். எந்த வீடு என்று கேட்டார். கரி பஸ் டிரைவர் பழனிச்சாமியின் தங்கை என்று சொன்னாள்.

அவர் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க அண்ணங்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே, ஆத்தா. அவரு ஒங்ககிட்ட சொல்லலையா?”

அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் முழுக்கச் சொல்லச் சொன்னாள். அவர் குனிந்தபடியே சொன்னார். நாகராசும் அவரும் ஒரே கூட்டமாக நடந்தார்கள். அரக்கான் மலைப்பாதையில் ஓர் ஓடைக்கரையில் நாகராசுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மறுநாள் வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது. இவரும் இன்னொருவரும் கல் பொறுக்கி மூடிவிட்டு வந்தார்கள். ஊர் வந்ததும், நாகராசு சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து, பஸ் ஸ்டாண்டில் பழனிச்சாமியைத் தேடிப்பிடித்துச் சொன்னார். அவன் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, வீட்டுக்கு வரவேண்டாம், சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கைகூப்பினானாம்.

காற்று தோணியைப் பக்கவாட்டில் திருப்பியது. பெரியகருப்பனின் மகள் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. பிள்ளை இருக்கிறதே என்று உண்ணாமலை துடுப்பை எடுத்தாள். கரைவரைக்கும் ஒழுங்காகவே தள்ளிக்கொண்டு வந்தாள். இறங்கித் துடுப்பைச் சவரியப்பன் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் என்னவென்று கேட்டார். அவள் ஊரைப் பார்த்து நடந்தாள்.

பழனிச்சாமி வாசலில் கைக்கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பெரியகருப்பன் என்பவரைப் பார்த்ததாக அவள் சொன்னாள். அவன் செம்பைக் கீழே வைத்தான்.

“சொல்லணும்னுதான் தெனமும் நெனச்சேன். நீ பூவை வாங்கிக்கிட்டு உள்ள போவ. எனக்கு நாக்கு எழும்பல.”

“மதினிக்குத் தெரியுமா?”

கதவுக்குப் பின்னால் சொர்ணவல்லி விசும்புவது கேட்டது.

“இந்த வீட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியல. நான் பாட்டுக்குத் தனியா காத்துக்கிட்டுக் கெடந்திருக்கேன். அப்பவே சொல்லியிருந்தா ஒங்களோட சேந்து அழுதிருப்பேன்ல, அண்ணே.”

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். உறவுப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களில் யாரும் நாகராசோடு நாலு வார்த்தை பேசியவர்கள் இல்லை. அண்ணனும் மதினியும் அழுது முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அழுகைக்குத்தான் துணையில்லாமல் போயிற்று. வெளியே தலைகாட்டாமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தாள். தையில் கடல் அடங்கியதும் சவரியப்பன் தோணியை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். பழனிச்சாமியே அலைந்து வாங்கிக் கொடுத்தான். அவனோடு அவள் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மறுவருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். கலிங்கு பாயாததால் சனம் வரவில்லை, தோணியும் வரவில்லை. உண்ணாமலை மட்டும் ஞாயிறு சாயங்காலங்களில் நடந்து போய்க் கரைமேல் உட்கார்ந்திருந்தாள். நாரைகள் மேய்வதைப் பார்ப்பாள். சில நாள் நாகராசிடம் பேசுவதுபோல உதடு அசையும்.

கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தாள். கரையின் மறுகோடியில் பழனிச்சாமி சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு, அவளைப் பார்க்காததுபோல உட்கார்ந்திருப்பான். அவள் கிளம்பினால் அவனும் தூரத்திலேயே வருவான். தண்ணீரைப் பார்த்து என்ன நினைக்கிறாளோ என்று பயம் அவனுக்கு. பல வாரம் இப்படியே போனது. ஒரு நாள் அவள் எழுந்து அவன் இருந்த இடத்துக்குப் போனாள். அவன் பதறி எழுந்தான்.

“நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன், அண்ணே. வீட்டுக்குப் போங்க. இருட்டுமுன்ன வந்துருவேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் சைக்கிளை நிமிர்த்தி அவன் கையில் கொடுத்தாள். அவன் உருட்டிக்கொண்டே கரையிறங்கி, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஏறிப் போனான்.

பெண்கள் குளிக்கும் படித்துறையில் ஆளில்லை. அவள் கடைசிப் படியைத் தாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். வெயில் குடித்த தண்ணீர், மேலே சூடாகவும் காலுக்கடியில் சில்லென்றும் இருந்தது. மலை ஓடைக்கரையில் கிடப்பவனை நினைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தாள்.