எழுத்துக்கு ஒரு பலகை

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், யூ.கே.ஜி. வகுப்புக்கு மட்டும் இந்த வருடம் காப்பி நோட்டு கிடையாது. சங்கவி டீச்சர் மன்றாடி வாங்கிய சலுகை அது. பள்ளியை நடத்தும் கிருஷ்ணமூர்த்தி சார் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பி.எஃப். பணத்தில் இந்தக் கட்டடத்தை எழுப்பியவர். பிள்ளையின் விரல் வீங்கினால்தான் அறிவு வளரும் என்பது அவர் கட்சி. அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் சங்கவிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அவள் சொன்னது இதுதான். போன வருடம் பக்கம் பக்கமாக 'பின்', 'டின்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைகளிடம், அதே சொல்லைச் சுவரில் காட்டிக் கேட்டால் திருதிருவென்று முழித்தார்கள். கை எழுதியது, தலைக்குள் ஒன்றும் போகவில்லை. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியை முதலில் கொடுப்போம், விளையாட்டாகக் கொடுப்போம், ஒலிகளைக் கோத்தால் சொல் தானே வரும் என்றாள். சார் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். துர்கா பூஜை லீவுக்கு முந்தின சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிடுவார். அவர்கள் முன்னால் பிள்ளைகள் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் இந்த முறை நிலைக்கும். இல்லாவிட்டால் லீவு முடிந்ததும் காப்பி நோட்டு திரும்பி வரும், சங்கவி வாயைத் திறக்கக் கூடாது.

சங்கவி சரி என்றாள். தன் மேல் அவளுக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

சார் கருமி இல்லை. ஒப்புக்கொண்ட அன்றே சென்னைக்கு ஆர்டர் போட்டு, ஒலி விளையாட்டுக்கான எழுத்து அட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்றை வரவழைக்க ஏற்பாடு செய்தார். ஆனால் மெயின்லேண்டிலிருந்து கிளம்பும் சாமான் கப்பல் ஏறி, கடல் கடந்து, ஜெட்டியில் இறங்கி நம் கைக்கு வருவதற்குள் குழந்தைகள் காலேஜ் முடித்துவிடுவார்கள். காத்திருப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். சங்கவிக்கு மட்டும் அது ஏறவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜங்லிகாட்டுக்குப் போய், சுரேந்திரனின் மரப்பட்டறையில் நின்றாள்.

சுரேந்திரன் கட்டில், பீரோ, பூஜை அலமாரி செய்கிறவர். பட்டறை மூலையில் துண்டு மரம் குவிந்து கிடந்தது. உள்ளங்கை அளவில் சதுரச் சில்லுகளாக அறுத்து, பிள்ளைகளின் கையில் சிராய் ஏறாதபடி இழைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். தாராளமாக என்றார் அவர். அவர் சுத்தக்காரர், பட்டறையில் ஆணிகூட அதனதன் டப்பாவில்தான் இருக்கும். அதனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு மரத்தில் போட்டுவிட்டால், விளையாடி முடித்ததும் பிரித்து அடுக்குவது சுலபம். சிவப்பு படாக் மரமெல்லாம் ஒரு பை, வெள்ளை தூப் எல்லாம் இன்னொரு பை. சங்கவி சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறைதான். மரத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில்தான் இப்படி ஒரு யோசனை உதிக்கும். அதை அறிவு என்று நம்புவதும் அங்கேதான் நடக்கும்.

முதலில் ஆறு எழுத்து. 'ஸ்' என்ற ஒலிக்குப் படாக். 'ட்'டுக்குக் கறுப்புக் கோடு போட்ட மார்பிள்வுட். 'இ'க்கு வெள்ளை தூப். 'ன்'னுக்குப் பழுப்பு கர்ஜன். மற்ற இரண்டுக்கும் தேக்கும் பலாவும். ஒவ்வொன்றிலும் நிறையச் சில்லுகள். சங்கவி அவற்றின் மேல் பெயிண்டில் எழுத்தைப் போட்டு வெயிலில் காய வைத்தாள்.

வகுப்பு களைகட்டிவிட்டது. தட்டில் மணலைக் கொட்டிச் சில்லுகளைப் புதைத்து வைப்பாள். தோண்டி எடுக்கிற பிள்ளை அதன் ஒலியைச் சொன்னால்தான் சில்லு அதற்குச் சொந்தம். பெஞ்சில் மூன்று சில்லை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பொம்மை லாரியை மெதுவாக ஓட்டச் சொல்வாள். லாரி ஏறும்போது ஒவ்வொரு ஒலியாக வரும். வேகமாக ஓட்டினால் ஒலிகள் சேர்ந்து சொல்லாகிவிடும். அப்புறம் எழுத்துக்கூட்டும் ஓட்டம். டீச்சர் 'டின்' என்பாள். மூன்று பேர் குவியலுக்கு ஓடி ஆளுக்கொரு சில்லைப் பொறுக்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்து வரிசையில் நிற்க வேண்டும். பெங்காலி வீட்டுப் பிள்ளை, தெலுங்கு வீட்டுப் பிள்ளை, ராஞ்சிக்காரர் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டே ஓடும். தப்பு அபூர்வமாகத்தான் வந்தது. சங்கவி மனதுக்குள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கொரு பை சில்லு வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். அதை அந்த வகுப்பில் படிக்கும் உதயாவின் அம்மா மருதாயி அளவுக்கு யாரும் பத்திரமாகத் திருப்பித் தந்ததில்லை. மருதாயியின் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். அவள் அங்கே பிறந்து, கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்து, ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறாள். எழுத்து வாசனை கிடையாது. யார் எதை நீட்டினாலும், கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. மகள் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அவள் டீச்சரிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து எழுத்து அட்டைகள் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. இடையில் ஒரு நாள் விட்டால் பெற்றோர் கூட்டம். நல்ல கெட்டி அட்டை, பால் வெள்ளை, நடுவில் பெரிதாகக் கறுப்பு எழுத்து. கூட்டத்தில் இதையும் காட்டலாமே என்று சார் ஆசைப்பட்டார். சங்கவியும் அதே ஆசையோடு பெஞ்சில் மூன்று அட்டையை அடுக்கி, வகுப்பிலேயே கெட்டிக்காரியான உதயாவைக் கூப்பிட்டாள்.

உதயா லாரியை அட்டை மேல் வைத்தாள். வண்டி நகரவில்லை. அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"மிஸ், இதுல லால் வாலா எங்க?"

சிவப்பு எங்கே என்று கேட்கிறாள். சங்கவிக்கு முதலில் புரியவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள், அதற்கடுத்ததைக் கூப்பிட்டாள். எல்லோரும் அட்டையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. துடைத்து வைத்திருந்த பெயிண்ட் போடாத படாக் துண்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் எழுத்தே இல்லை. வகுப்பு மொத்தமும் 'ஸ்' என்றது.

இந்த மூன்று மாதமாகப் பிள்ளைகள் படித்தது மரத்தை. எழுத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை, ஏனென்றால் டீச்சரே அதைவிடச் சுலபமான அடையாளத்தைக் கையில் கொடுத்திருந்தாள். காப்பி நோட்டைக் குறை சொல்லிக் கொடி பிடித்தவளின் வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் அறை வாசல் வரைக்கும் போனாள். சொன்னால் சனிக்கிழமைக்குள் காப்பி நோட்டு வந்துவிடும், விளையாட்டு முறையே தப்பு என்று ஆகிவிடும். தப்பு முறையில் இல்லையே, பலகையில்தானே. லீவு முடிந்து பதினைந்து நாள் கிடைத்தால் அட்டையில் மறுபடி தொடங்கிச் சரிக்கட்டிவிடலாம். கூட்டத்தை மட்டும் மரத்தை வைத்து ஓட்டிவிட்டால் போதும். இப்படியெல்லாம் தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டு, வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. மணல் தட்டு, லாரி, ஓட்டம் எல்லாம் நடந்தது. பிள்ளைகள் பிசகாமல் சொல்லின. அப்பாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். சாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கும் இதே முறை என்று மைக்கில் அறிவித்துவிட்டார். கைதட்டல் ஓயும் நேரத்தில் பின் வரிசையிலிருந்து மருதாயி எழுந்தாள்.

"டீச்சர், நானும் ஒண்ணு படிச்சுக் காட்டவா? வீட்டுல உதயா சொல்லிக் குடுத்துச்சு."

அவள் கல்யாணப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். சங்கவி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சார் அவளை முன்னால் அழைத்துவிட்டார். மருதாயி பெஞ்சருகே குனிந்து, மார்பிள்வுட், தூப், கர்ஜன் என்று மூன்றைப் பொறுக்கி வரிசையாக வைத்து, லாரி இல்லாமல் விரலாலேயே தடவிக்கொண்டு, "ட், இ, ன்... டின்" என்றாள். ஹால் அதிர்ந்தது. மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்கும் படிக்கத் தெரியும் என்று ஊர் முன்னால் சொன்ன நாள் அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் மேஜை மேலிருந்த புதுப் பெட்டியைத் திறந்து, அதே மூன்று எழுத்தை அட்டையில் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். இதையும் வாசிங்கம்மா என்றார்.

மருதாயி அட்டைகளை வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணாடி கதையைச் சொல்லிவிடுவாள் என்று சங்கவி ஒரு கணம் எதிர்பார்த்தாள், அப்படிச் சொல்லிவிட்டால் தப்பித்தோம் என்றுகூட நினைத்தாள். மருதாயி அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. தனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே. நிமிர்ந்து, ஒரு மாணவி சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இது எந்த மரம், டீச்சர்?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. நல்ல தமாஷ் என்று நினைத்துக்கொண்டார்கள். மருதாயியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். சங்கவியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். சிரிக்க வேண்டாம் என்றாள். இந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி, எழுத்துக்கு ஒரு மரம் வைத்தது நான், பிள்ளைகள் மரத்தைத்தான் படித்திருக்கிறார்கள் என்றாள். அட்டையைக் காட்டினால் இவர்களில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்றாள். சிரிப்பு நின்றது. செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மருதாயி கையிலிருந்த அட்டைகளை மறுபடி பார்த்தாள்.

"மத்லப், அப்படின்னா எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"உதயாவுக்கு?"

"அவளுக்கும் இன்னும் தெரியாது."

"ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"முந்தாநாள்."

மருதாயிக்கு முகம் கறுத்துவிட்டது. "தெரிஞ்சேதான் எங்கள கைதட்ட விட்டீங்களா?"

சங்கவி ஆமாம் என்றாள்.

பெற்றோர் எழுந்து கலையத் தொடங்கினார்கள். சார் மைக்கை அணைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே, லீவு முடிஞ்சதும் காப்பி நோட்டுதான் டீச்சர் என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள். தோற்றது நியாயம் என்றே அவளுக்கும் பட்டது.

ஹால் காலியான பிறகும் மருதாயி போகவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்தாள். உதயாவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பெஞ்சில் கிடந்த மரச்சில்லுகளைக் கையால் ஒரே ஒதுக்காக ஒதுக்கித் தள்ளினாள். அவை தரையில் சிதறின. அவள் குனிந்து பொறுக்கவில்லை.

"நோட்டு வருதோ என்ன எழவு வருதோ, அது அவங்க பாடு. ஒக்காருங்க டீச்சர். மொத எழுத்த சொல்லுங்க."

சங்கவி எதிரே தரையில் உட்கார்ந்து, வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து அவர்கள் இருவர் பக்கமும் திருப்பிப் பிடித்தாள். வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, 'ஸ்' என்றாள். உதயா உடனே சொல்லிவிட்டாள். மருதாயி சொல்லவில்லை. அட்டையைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.